ஐப்பசித் தண்ணீர் வேறு, ஆவணித் தண்ணீர் வேறு

கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுத்து வாங்கிய தாள் ஒன்று யாழ்ப்பாணத்தில் இப்போது பல வீடுகளில் இருக்கிறது. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்த பிரச்சினை கிளம்பிய நாள்களில் பயந்துபோய் எடுத்தது, பிள்ளை பிறந்த வீட்டில் எடுத்தது, காணி வாங்க முன்னர் எடுத்தது என்று ஆளுக்கொரு காரணம். பி.எச்., மின்கடத்துதிறன் (கரைந்த உப்பைக் காட்டும் அளவு), வன்மை, குளோரைட்டு, நைத்திரேற்று, ஈ-கோலை (மலக்கிருமி) என்று ஒரு நிரை எண்கள் இருக்கும். அடியில் ‘குடிப்பதற்கு உகந்தது’ அல்லது ‘உகந்ததல்ல’ என்று ஒரு வரி. எல்லோரும் அந்தக் கடைசி வரியைத்தான் வாசிக்கிறார்கள். நான் முதலில் தேடுவது மாதிரி எடுத்த திகதியை. ஆவணியில் அள்ளிய தண்ணீரும் ஐப்பசி முதல் மழைக்குப் பிறகு அள்ளிய தண்ணீரும் ஒரே கிணற்றிலிருந்து வந்தாலும் ஒன்றல்ல. ஆற்றுத் தண்ணீருக்கு இது இன்னும் கூடப் பொருந்தும்.

ஆறா, யாழ்ப்பாணத்திலா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். வற்றாத ஆறு குடாநாட்டில் இல்லைத்தான். தொண்டமானாறும் உப்பாறும் கடல்நீரேரிகள். மேட்டு நிலத்து மழைநீரைச் சேர்த்துக்கொண்டு கடல்வரை ஓடுவது வழுக்கையாறு ஒன்றுதான். அதுவும் மாரியில் மட்டும். தெல்லிப்பளைப் பக்கம் தொடங்கி, அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி, வட்டுக்கோட்டை என்று ஏறக்குறைய 15 கிலோமீற்றர் வந்து அராலியில் யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் விழுகிறது. வழியெல்லாம் குளங்கள், வயல்கள், மதகுகள். அராலியில் உவர்நீர் உள்ளே ஏறாமல் தடுக்க ஒரு தடுப்பணை. கோடையில் வந்து ஆறு எங்கே என்று கேட்டால், நீங்கள் நிற்பதே ஆற்றுக்குள்தான் என்று பதில் வரும். மாடு மேயும், பொடியன்கள் கிரிக்கெட் அடிப்பார்கள், இரவோடு இரவாக யாரோ ஒரு லான்ட்மாஸ்டர் குப்பையைக் கொட்டிவிட்டுப் போவார்கள்.

இப்படி ஆண்டில் சில மாதம் ஓடி, மிச்ச மாதம் காய்ந்து கிடக்கும் ஆற்றின் நீர்த்தரத்தை எப்படி மதிப்பிடுவது? வற்றாத ஆறுகளை வைத்து எழுதிய முறைகள் இங்கே நேராகப் பொருந்தாது. இந்த ஆற்றைத் தனியாக எடுத்து அளப்பதிலும் அர்த்தம் குறைவு. ஆறும் அதன் இரு கரையிலுமுள்ள கிணறுகளும் ஒரே தண்ணீர்.

அது ஏன் என்று விளங்க நிலத்துக்கு அடியில் பார்க்க வேண்டும். குடாநாடு சுண்ணக்கல்லின்மேல் இருக்கிறது. இந்தக் கல் மழைநீரில் மெல்ல மெல்லக் கரைந்து, வெடிப்பும் பொந்தும் குகையுமாகப் போன கல். மேலே வலிகாமத்துச் செம்மண். தண்ணீரை விட்டால் உறிஞ்சிக் கீழே அனுப்பிவிடும். கீழே போன மழைநீர், அடியில் இருக்கும் கடல்நீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. நன்னீர் இலேசு, கடல்நீர் பாரம். அந்த எடை வித்தியாசத்தின் கணக்குப்படி, கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே 40 அடி நன்னீர் இருக்கும். கேட்க நல்லாய்த்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும்: மேலே ஓர் அடியை இறைத்து எடுத்தால், கீழே உப்புத் தண்ணீர் காலப்போக்கில் 40 அடி மேலேறிவரப் பார்க்கும். புத்தூருக்குப் பக்கத்தில் நிலாவரைக் கிணற்றில் இதை நேரில் அளக்கலாம். மேலே நல்ல தண்ணீர், ஆழம் போகப் போகச் சவர், அதற்கும் கீழே உப்பு. நிலாவரையில் போட்ட தேசிக்காய் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்று சிறு வயதில் எல்லோருக்கும் சொல்லியிருப்பார்கள். தேசிக்காயை விடுவோம். நிலத்தடியில் தண்ணீர் மண்ணுக்குள்ளால் வடிந்து கசியாமல் பொந்து வழியே ஓடும் என்பதை அந்தக் கதை கட்டியவர்கள் சரியாகத்தான் ஊகித்திருக்கிறார்கள்.

மண்ணுக்குள்ளால் வடிந்து போகும் தண்ணீர் போகும் வழியிலேயே ஓரளவு சுத்தமாகும். பொந்துக்குள்ளால் ஓடும் தண்ணீருக்கு அந்த வாய்ப்பு இல்லை. மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 50 அடி விட்டால் போதும் என்று நாங்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு, வெடிப்பில்லாத மண்ணுக்கு உரியது. குழியின் அடியில் ஒரு வெடிப்பு இருந்து அது கிணற்றுப் பக்கம் போனால் 50 அடி என்ன, 150 அடியும் காக்காது. அதேபோல, வழுக்கையாற்றின் படுக்கையில் தேங்கும் வெள்ளம் கடலுக்குப் போகிற அளவுக்குக் கீழேயும் போகிறது. ஆற்றில் கொட்டிய கழிவு அராலிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நிம்மதி அடைய முடியாது. ஒரு பங்கு சண்டிலிப்பாயில் யாருடையதோ கிணற்றுக்குள் இருக்கும்.

இனிப் பருவத்துக்கு வருவோம். குடாநாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 1200 மில்லிமீற்றருக்குச் சற்று மேலே மழை. பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான வடகீழ்ப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். சித்திரையில் கொஞ்சம். பிறகு சோளகக் காற்றோடு நீண்ட வறட்சி. ஆகவே மழை ஏறினால் மாசு கரைந்து குறையும் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியுமா? முடியாது. எந்த மாசு என்று முதலில் சொல்ல வேண்டும். உப்பும் கழிவும் நேர் எதிராக நடக்கின்றன. அதுதான் இந்த இடத்து விஷயத்தின் முழுச் சிக்கலும்.

முதல் மழையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஐப்பசியில் முதல் பெருமழை விழுந்து ஓரிரு மணித்தியாலத்துக்குள் ஒரு மதகடியில் போய் நின்றால் வருவது தண்ணீர் என்று சொல்லத் தயங்குவீர்கள். முதலில் வருவது கறுப்பு. றோட்டில் ஆறு மாதம் படிந்த ரயர்த் தூளும் எண்ணெயும். அதன்மேல் நுரை, வாய்க்காலில் காய்ந்து கிடந்த சவுக்காரத் தண்ணீர் திரும்பக் கரைந்தது. பிறகு செம்மண் கலங்கல். அதோடு யோகட் கோப்பை, சொப்பிங் பை, கோழி இறகு, சாணம், காய்ந்த வாழைத்தடல். வீட்டுக் கொல்லையிலிருந்து கடைத் தெரு வரைக்கும் கோடை முழுக்க நிலத்தில் சேர்ந்த எல்லாம் ஒரே தவணையில் கழுவிக்கொண்டு வருகிறது. அந்த நேரம் ஒரு போத்தல் எடுத்து அளந்தால் கலங்கல், பொசுபேற்று, அமோனியா, மலக்கிருமி எல்லாம் உச்சத்தில் இருக்கும். ஒட்சிசன் மிகக் குறைந்திருக்கும். இதே மதகில் கார்த்திகை நடுவில், பத்து நாள் விடாமல் பெய்த பிறகு எடுத்தால் தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாக இருக்கும். எண்களும் பாதிக்கு மேல் இறங்கியிருக்கும்.

அதை வைத்து ஆறு சுத்தமாகிவிட்டது என்று அறிக்கை எழுதுபவர்களும் உண்டு. ஒரு லீற்றரில் எவ்வளவு அழுக்கு என்பது ஒரு கேள்வி, ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு அழுக்கு அந்த மதகைக் கடந்தது என்பது இன்னொரு கேள்வி. முதல் மழையில் லீற்றருக்கு அழுக்கு அதிகம், ஓடும் தண்ணீர் கொஞ்சம். கார்த்திகையில் லீற்றருக்குக் குறைவு, ஆனால் ஓடுவது பல மடங்கு. பெருக்கிப் பார்த்தால் கடல்நீரேரிக்குப் போகும் மொத்தச் சுமை கார்த்திகை மார்கழியில்தான் கூடுதலாக இருக்கக்கூடும். இறாலும் நண்டும் பிடித்துச் சீவிக்கிறவர்களுக்கு முக்கியம் இந்த இரண்டாவது எண். குடிக்கிறவனுக்கு முதலாவது. நீரோட்டத்தை அளக்காமல் வெறும் போத்தலை மட்டும் கொண்டுபோகிற ஆய்வு பாதி ஆய்வு. மதகின் அகலமும் தண்ணீரின் ஆழமும், ஒரு தென்னம் பாளைத் துண்டை மிதக்கவிட்டு அது பத்து மீற்றர் போக எடுக்கும் நேரமும் தெரிந்தால் ஒரு சுமாரான கணக்கு வந்துவிடும்.

கிணறுகளில் இதே மழை வேறு கதை. கார்த்திகையில் நீர்மட்டம் கிடுகிடு என்று ஏறும், உப்பு இறங்கும். குளோரைட்டும் மின்கடத்துதிறனும் ஆண்டிலேயே நல்ல நிலைக்கு வரும் காலம் அது. தேத்தண்ணியில் வித்தியாசம் தெரியும். ‘கிணறு இப்ப நல்ல தண்ணி’ என்று ஊரில் சொல்வது இதைத்தான். ஆனால் அதே தண்ணீரில் நைத்திரேற்று ஏறியிருக்கலாம், ஈ-கோலை பெரும்பாலும் கூடியிருக்கும். ஏனென்றால் நிரம்பிய மலக்குழியின் அடிக்கும் ஏறிவந்த நீர்மட்டத்துக்கும் இடையில் இருந்த வறண்ட மண் இப்போது இல்லை. இரண்டும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. 2008 நவம்பரில் நிஷா புயல் கொட்டியபோது பல இடங்களில் கிணற்றுக் கட்டுக்கு மேலாலேயே வெள்ளம் பாய்ந்தது. அப்போது கிணறு, குழி, வாய்க்கால் என்ற பிரிவே இல்லை. 2024 டிசெம்பரில் வெள்ளம் வடிந்த கையோடு எலிக்காய்ச்சல் பரவி உயிர்களையும் கொண்டுபோனது. அது கிணற்றுத் தண்ணீரால் வந்தது என்பதைவிடத் தேங்கிய வெள்ளத்தில் கால் வைத்ததால் வந்தது என்பதே சரி. ஆனாலும் மாரித் தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாக இருப்பதால் சுத்தமானது என்ற நினைப்பை உடைக்க அந்த மாதம் போதும்.

நாக்குக்குத் தெரிவது உப்பும் வன்மையும் எண்ணெயும் மட்டுமே. நைத்திரேற்றுக்கு ருசி இல்லை, மணம் இல்லை, நிறம் இல்லை. கிருமிக்கும் இல்லை. ஆகவே எங்கள் ஊரில் தண்ணீர் பற்றிய முறைப்பாடு எல்லாம் உப்பைப் பற்றியதாகவும், கேத்தலில் வெள்ளையாகப் பிடிக்கும் சுண்ணாம்பைப் பற்றியதாகவும் இருக்கிறது. கேத்தலில் பிடிப்பது உண்மையில் அவ்வளவு கெடுதல் இல்லாதது.

நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேலே போனால் முதலில் ஆபத்து போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு: இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் போய் உடல் நீலம் பாரிக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டோமே என்று தாய்மார் ஆறுதல் அடைவார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று சாகாது, தண்ணீர் ஆவியாகிப் போவதால் அதன் செறிவு கொஞ்சம் கூடவே செய்யும். குழந்தைக்குப் பால் கரைக்கும் வீட்டில் இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் போதும், மிச்சக் கட்டுரையை வாசிக்காமல் விடலாம்.

இது எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் வெங்காயத் தோட்டத்தைக் கைகாட்டுவது வழக்கம். தோட்டக்காரரைக் கேட்டால் அவர் மலக்குழியைக் காட்டுவார். இரண்டு பேரும் பிழையாகச் சொல்லவில்லை. 50 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் 46 வீதம் நைதரசன், அதாவது 23 கிலோ. அது முழுக்க நைத்திரேற்றாக மாறினால் 100 கிலோவுக்குச் சற்று மேலே. அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் பயிருக்குத் தப்பிக் கீழே போனாலும், இரண்டு இலட்சம் லீற்றர் சுத்தமான தண்ணீரை 50 மில்லிகிராம் எல்லைக்குக் கொண்டுவரப் போதும். இது ஒரு மூட்டையின் கணக்கு. செம்மண்ணில், இறைப்பு வாய்க்காலில் தண்ணீர் கட்டி, ஒரே போகத்துக்கு மூன்று நான்கு தடவை பசளை எறிகிற வழக்கத்தில் பத்தில் ஒன்றோடு நிற்குமா என்பது சந்தேகம். மறுபக்கம், ஒரு மனிதரின் கழிவில் ஆண்டுக்கு ஏறக்குறைய நான்கு கிலோ நைதரசன் போகிறது. ஐந்து பேர் உள்ள வீட்டின் மலக்குழி ஆண்டுக்கு ஒரு மூட்டை யூரியாவைக் கிட்டத்தட்ட அதே காணிக்குள் புதைக்கிறது. தோட்டத்தில் மழைக்குத்தான் கழுவுப்படும். குழி ஆண்டு முழுவதும் கசியும்.

இரண்டையும் பிரித்தறிய வழி உண்டு. முதல் வழி காலம். தோட்டத்துப் பசளையால் வந்த நைத்திரேற்று மழையோடும் இறைப்போடும் ஏறி இறங்கும். குழியால் வருவது பெரும்பாலும் ஒரே மட்டத்தில் நிற்கும், மழை வந்தால் கிருமியையும் கூட்டிக்கொண்டு வரும். இரண்டாவது, கூட வருகிறவர்களைப் பார்ப்பது. நைத்திரேற்று தனியாக ஏறி, ஈ-கோலை இல்லாமல் இருந்தால் தோட்டத்தின் பக்கம் சந்தேகம் சாயும். நைத்திரேற்றோடு குளோரைட்டும் கிருமியும் சேர்ந்து ஏறினால் குழி. அமோனியா இருந்தால் கழிவு புதிதாகச் சேர்கிறது, வெகு தூரத்தில் இல்லை. அமோனியா இல்லாமல் நைத்திரேற்று மட்டும் என்றால் அது நாட்பட்டு, ஒட்சிசனேற்றம் அடைந்து வந்தது. பொசுபேற்றுக்கு எங்கள் மண்ணில் ஒரு தனிப் பயன்: சுண்ணாம்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கிணறுவரை வர விடாது. அப்படியிருந்தும் ஒரு கிணற்றில் பொசுபேற்று கூடுதலாகத் தெரிந்தால், சவுக்காரத் தண்ணீரோ குழியோ மிகக் கிட்டவாக, வெடிப்பு வழியாக வருகிறது என்று ஐயப்பட வேண்டும். மூன்றாவது வழி காசு செலவானது: நைதரசனின் இரண்டு சமதானிகளின் (ஒரே தனிமத்தின் பாரம் வேறுபட்ட வகைகளின்) விகிதம். யூரியாவில் உள்ள நைதரசன் காற்றிலிருந்து எடுத்தது, ஆகவே பாரமான சமதானியின் பங்கு காற்றில் உள்ள அளவுதான். மலத்திலும் எருவிலும் இருந்து வருவதில் அந்தப் பங்கு தெளிவாகக் கூடியிருக்கும். எல்லாக் கிணற்றுக்கும் செய்ய வேண்டியதில்லை; சண்டை பிடிக்கிற இடத்துக்குச் செய்தால் போதும்.

2021இல் இரசாயன உர இறக்குமதியை அரசு தடுத்தபோது யூரியா கிடைக்காமல் விவசாயிகள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். பயிருக்கு அது பேரிடி. நீரியல்காரனுக்கு அது மலக்குழியையும் தோட்டத்தையும் பிரித்துப் பார்க்க யாரும் திட்டமிட்டுச் செய்ய முடியாத ஒரு பரிசோதனை. அந்தத் தட்டுப்பாட்டுக் காலத்தில் வலிகாமத்துக் கிணறுகளில் மாதாமாதம் அளந்த எண் யாரிடமாவது இருந்தால், அதற்குப் பத்து ஆய்வுக் கட்டுரையின் பெறுமதி.

உப்பிலும் இதே குழப்பம் வரும். கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 19,000 மில்லிகிராம் குளோரைட்டு. குடிநீருக்கான எல்லை 250. நூறு லீற்றர் நன்னீரில் ஒன்றரை லீற்றர் கடல்நீர் கலந்தாலே எல்லை தாண்டிவிடும். ஆவணியில் ஒரு தோட்டக் கிணற்றில் காலையில் மெசின் தொடங்கும்போது ஓர் அளவும், இரண்டு மணித்தியாலம் இறைத்த பிறகு இன்னோர் அளவும் எடுத்துப் பாருங்கள்; மின்கடத்துதிறன் மானி ஒன்று இருந்தால் போதும், கையடக்கமானது. இறைக்க இறைக்க எண் ஏறினால் கீழேயிருந்து உவர் மேலேறுகிறது. ஏறாமல் தொடக்கத்திலேயே கூடுதலாக இருந்தால் அந்த உப்பு மேலேயிருந்து வந்தது: வருடக்கணக்காக இறைத்த தண்ணீர் ஆவியாகி, உப்பை மண்ணில் விட்டு, மழைக்குத் திரும்பிக் கிணற்றுக்கு இறங்கியது. முதலாவதுக்கு மருந்து குறைத்து இறைப்பது. இரண்டாவதுக்கு அது மருந்தல்ல. துலா மிதித்த காலத்தில் மனிதனின் கால் களைத்தால் கிணற்றுக்கும் ஓய்வு. மெசினுக்குக் களைப்பு இல்லை.

மூலத்தைக் கண்டுபிடிப்பது எவ்வளவு சிக்கல் என்று சுன்னாகம் காட்டியது. 1958 முதல் அங்கே மின்நிலையம் இருந்தது. போர்க்காலத்தில் எண்ணெய்த் தாங்கிகள் சேதமாயின. பிறகு தனியார் நிறுவனம் ஒன்று அங்கே அனல்மின் உற்பத்தி செய்தது. சுற்றுவட்டக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது, இது பழைய எண்ணெயா புதிய எண்ணெயா என்றுதான் வழக்காடினார்கள். ஆய்வறிக்கைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மாசுபடுத்தியவரே செலவு தர வேண்டும் என்ற கொள்கையின்படி அந்த நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆய்வுகள் முரண்பட்டதற்குப் பருவமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். எண்ணெய் தண்ணீருக்கு மேலே மிதக்கும். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது எண்ணெயும் சேர்ந்து இறங்கி, கல்லின் வெடிப்பெல்லாம் பூசிக்கொண்டு போகும். மாரியில் மட்டம் ஏறும்போது கொஞ்சம் கல்லோடு ஒட்டி நின்றுவிடும், கொஞ்சம் திரும்ப மேலே வரும். ஒரே கிணற்றில் மார்கழியில் மேல்மட்டத்தில் எடுத்த போத்தலும், ஆடியில் வாளியைத் தாழ்த்தி நடுவில் எடுத்த போத்தலும் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டு பேரும் நேர்மையாக அளந்து இரண்டு பதிலோடு வரலாம்.

சரி, வழுக்கையாற்றை யாராவது ஒழுங்காக ஓர் ஆண்டு அளக்க முன்வந்தால் எங்கே, எப்போது? இடம் என்றால் அளவெட்டிக்கு மேலே ஒன்று, கந்தரோடையில் ஒன்று, சண்டிலிப்பாயில் ஒன்று, தடுப்பணைக்கு மேல்பக்கம் ஒன்று, கீழ்ப்பக்கம் ஒன்று. ஒவ்வோர் இடத்துக்கும் கரையில் இரண்டு கிணறு: ஒன்று தோட்டத்துக்குள், ஒன்று வீடுகள் நெருங்கிய பக்கம். இரண்டு இடங்களுக்கு நடுவில் எந்த எண் துள்ளுகிறதோ அந்த இடைவெளிக்குள் மூலம் இருக்கிறது. பிறகு அந்த இடைவெளியை மட்டும் நடந்து பார்க்கலாம். வாகனம் கழுவும் இடமோ, சந்தைக் கழிவு வாய்க்காலோ, இறைச்சிக் கடையோ கண்ணில் படும்.

காலம் என்றால், மாதம் ஒரு தடவை என்று நாட்காட்டியில் கோடு போடுவதை நான் விரும்பமாட்டேன். அலுவலகம் அப்படித்தான் கேட்கும். ஆனால் முதல் மழை மாதத்தின் முதல் செவ்வாய்க்காகக் காத்திருக்காது. முதல் மழையில் ஒரே நாளில் பல தடவை எடுக்க வேண்டும்; கார்த்திகைப் பெருக்கில் ஒரு தடவை போதும்; தையில் ஓட்டம் நிற்கும்போது ஒன்று; மாசி பங்குனியில் குட்டையாகத் தேங்கிய பிறகு ஒன்று. அந்தக் குட்டையில் எடுக்கும்போது நேரத்தைக் கவனிக்க வேண்டும். பாசி பிடித்த தண்ணீர் பகலில் ஒட்சிசனை உற்பத்தி செய்யும், இரவில் தின்னும். பின்னேரம் மூன்று மணிக்கு அளந்தால் அருமையான ஆறு. விடிய ஐந்தரைக்கு அளந்தால் மீன் வாய் பிளக்கும் ஆறு. நல்ல எண் வேண்டும் என்று நினைக்கிறவர்கள் பின்னேரம் போவார்கள். ஆடி ஆவணியில் ஆற்றில் தண்ணீர் இல்லை. கிணறுகளை மட்டும் அளக்கலாம்.

போத்தல் விஷயத்திலும் கொஞ்சம் கறார் வேண்டும். கிருமிப் பரிசோதனைக்கு எடுத்த மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொடுக்க வேண்டும். ஒரு நாள் தாண்டினால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. மோட்டார் சைக்கிளின் முன்கூடையில் வெயிலில் வைத்துக் கொண்டுபோன போத்தலில் ஈ-கோலை பெருகியும் இருக்கலாம், செத்தும் இருக்கலாம். சோடாப் போத்தலைக் கழுவி எடுத்துப் போவதும் கூடாது. போத்தலோடு கடைசி மழை எப்போது, தடுப்பணைக் கதவு திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பதையும் எழுதி அனுப்ப வேண்டும். கதவு திறந்திருக்கும் நாளில் அராலியில் எடுத்த உப்பு எண்ணை வைத்து ஆற்றைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

தடுப்பணையைப் பற்றிப் பேசும்போது பழைய கனவையும் சொல்ல வேண்டும். 1950களில் நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் முன்வைத்த திட்டம், கனகராயன் ஆறு வந்து விழும் ஆனையிறவுக் கடல்நீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக் கடல்நீரேரிக்கும், அங்கிருந்து உப்பாற்றுக்கும் கொண்டுவருவது. தொண்டமானாற்றிலும் அரியாலையிலும் உள்ள தடுப்பணைகள் அந்தச் சிந்தனையின் உறுப்புகள். நல்ல யோசனை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒரு விஷயத்தை மட்டும் இன்றைக்குச் சேர்க்க வேண்டும்: கடலுக்குப் போகிற தண்ணீரை மறித்தால் அதோடு போகிற அழுக்கையும் மறிக்கிறோம். முதல் மழையின் கறுப்புத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, கார்த்திகைத் தண்ணீரைப் பிடித்து வைக்கக் கதவுக்கு ஒரு காலக்கணக்கு வேண்டும். அதற்கு எந்த நாளில் தண்ணீர் தெளிகிறது என்ற அளவீடு வேண்டும்.

இதற்கிடையில் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது. வடமராட்சி கிழக்கின் தாளையடியில் கடல்நீரிலிருந்து நாளுக்கு 24,000 கன மீற்றர் குடிநீர் எடுக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் வெங்காயமும் வாழையும் தொடர்ந்து கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கப் போகின்றன. அதோடு இன்னொன்றும் நடக்கும். கிணற்றில் அள்ளிக் குளித்தவர் ஷவரில் குளித்தால் கூடுதலாகத்தான் தண்ணீர் செலவாகும். அந்தத் தண்ணீர் போக இங்கே பெரும்பாலான வீடுகளுக்குக் கழிவுநீர்க் குழாய் இல்லை, மலக்குழியும் வாழையடியும்தான். கடலிலிருந்து எடுத்து உப்பு நீக்கிய தண்ணீர், வீட்டுக்குள்ளால் ஒரு தடவை ஓடி, சவுக்காரமும் நைதரசனும் சேர்த்துக்கொண்டு சுண்ணக்கல்லுக்குள் இறங்கும். சில கிணறுகளில் உப்புக் குறைந்து நைத்திரேற்று கூடுவதை இதனால் பார்க்க நேரலாம். குழாய் இணைப்பு இன்னும் எட்டாத ஒழுங்கைகளில் இந்த மாரியும் அடுத்த கோடையும் கிணறுகளை அளந்து வைத்தால்தான், அந்த மாற்றம் வந்ததா இல்லையா என்று பிறகு ஒப்பிட்டுச் சொல்ல ஓர் எண் கையில் இருக்கும்.